தனியா வராது சார்

இந்த வாரத்து எரிச்சலுக்குக் காரணம் ஒரு விளம்பரத் தாள். புதிதாக வந்திருக்கும் ஒரு மோட்டார்சைக்கிளின் பெருமைகளை அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் நட்சத்திரக் குறி போட்டு "சூடேறும் கைப்பிடி" என்று அச்சிட்டிருக்கிறார்கள். தாள் செருகியிருந்தது மயிலாடுதுறையில் விநியோகமாகும் செய்தித்தாளுக்குள். மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வமான ஊர் இது. சித்திரை வெயிலில் பேருந்து நிலைய வாசலில் அரை மணி நேரம் நிறுத்திய வண்டியின் கறுப்பு ரப்பரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, அந்த வசதியை இங்கே சூரியனே இலவசமாகத் தந்துவிடுகிறது என்பது தெரியும். இதற்கு பேட்டரியில் இருந்து வேறு மின்சாரம் எடுக்க வேண்டுமாம். ஒரு ஜோடி கைப்பிடி முழுச் சூட்டில் இழுப்பது சுமார் 30, 40 வாட். சாதாரண பைக்கின் ஹாலஜன் முகவிளக்கே 35 வாட்தான். பட்டமங்கலத் தெரு நெரிசலில் நம் உள்ளங்கையை வாட்ட இன்னொரு முகவிளக்கு.

ஆனால் கேலியோடு முடித்துக்கொண்டால் நல்லதொரு கண்டுபிடிப்புக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். லடாக்கின் உம்லிங் லா கணவாயில் 5,798 மீட்டர் உயரத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கும், உறைபனி விழும் ஜனவரியில் விடியுமுன் ஊட்டியில் காய்கறி ஏற்றப் போகிறவருக்கும் இது ஆடம்பரம் அல்ல. மரத்துப்போன விரலால் பிரேக் எவ்வளவு பிடிக்கிறோம் என்பதை உணர முடியாது. 1918-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், பெட்ஃபோர்டு சுண்ணாம்புக்கல் தொழிலாளர்களை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். காற்றழுத்தச் சுத்தியல் பிடித்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து உணர்விழந்து போயின. அதிர்வும் குளிரும் கூட்டுச் சேர்ந்தால் விரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். அதனால்தான் பனி நாடுகளில் மரம் அறுக்கும் இயந்திர வாளுக்குக்கூட சூடேறும் கைப்பிடி வைத்த மாடல்கள் விற்கின்றன. நம் பக்கம் குளிர் கிடையாது, அதிர்வு உண்டு. குறுவைக்குச் சேற்றுழவு ஓட்டும் பவர் டில்லரின் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினை நாள் முழுக்க இரண்டு கையாலும் பிடித்து நடப்பவரிடம் கேட்டால் தெரியும். அவருக்கும் அந்த நடுக்கத்துக்கும் நடுவே இருப்பது ஒரு ரப்பர் உறை. ஆக, கைப்பிடி என்பது அலங்காரச் சாமான் இல்லை என்பதில் விளம்பரக்காரர்களுக்கும் இந்தப் பத்திக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

வேறுபாடு அது தேயும்போது வருகிறது. கைப்பிடி ரப்பர், செருப்பைப் போல, தேய்வதற்கென்றே இருப்பது. வியர்வை, வெயில், கையில் ஒட்டிய எண்ணெய் எல்லாம் சேர்ந்து சில ரப்பரை இறுக்கி வெடிக்க வைக்கும், சிலதைப் பிசுபிசுவென்று இளக்கிவிடும். பழையாற்றில் இருந்தும் தரங்கம்பாடியில் இருந்தும் மீன்கூடை கட்டி வரும் எக்ஸ்.எல். வண்டிகளைப் பாருங்கள். வலது கைப்பிடியில் வரிவரியாக இருந்த மேடெல்லாம் மழுங்கி வழவழவென்று இருக்கும். ஓரத்து மூடி வெடித்து உள்ளே இருக்கும் குழாய் எட்டிப் பார்க்கும். அதன் மேல் சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து இழுத்துச் சுற்றி, முனையைக் கம்பியால் முறுக்கியிருப்பார்கள். எப்போதும் முதலில் தேய்வது வலதுதான், ஆக்சிலேட்டரைத் திருகும் கை அது. (பழைய சேத்தக் ஸ்கூட்டரில் இடது கையால் கியரையும் திருக வேண்டும் என்பதால் அங்கே இரண்டுக்கும் சம நீதி.) தேய்ந்ததைப் பொறுத்துக்கொள்வது சிக்கனம் என்று தோன்றும். ஆனால் பிளாஸ்டிக் உருளையில் பிடிப்பு விட்டுப்போன வலது ரப்பர் உள்பக்கமாக நகர்ந்து சுவிட்ச் பெட்டியில் உரசத் தொடங்கினால், கையை எடுத்தாலும் ஆக்சிலேட்டர் திரும்பி வராமல் சிக்கிக்கொள்ளும். மாற்றுவதோ சின்ன வேலை. பழையதைப் பிளேடால் கீறி எடுத்து, குழாயைத் துடைத்து, புதியதைச் சோப்புத் தண்ணீரோ கொஞ்சம் பெட்ரோலோ தடவித் தள்ளினால் ஏறிவிடும். ஜோடி நூறு இருநூறு ரூபாய்க்குள் முடியும்.

சூடேறும் கைப்பிடியிலும் தேய்வது அதே ரப்பர்தான். ஆனால் அதற்குள்ளே, ரப்பருக்கும் பிளாஸ்டிக் உருளைக்கும் நடுவே, மின்தடைக் கம்பியோ மெல்லிய சூட்டுப் படலமோ பதித்து எல்லாவற்றையும் ஒன்றாக வார்த்துவிடுகிறார்கள். அதில் இருந்து இரண்டு ஒயர்கள் வெளியே வரும். இடதுபக்க ஒயர் சும்மா கிடக்கும். வலதுபக்க ஒயர் ஆக்சிலேட்டரைத் திருகும்போதெல்லாம் மடங்கி நிமிரும். மடங்கும் இடத்திலேயே ஒருநாள் அறும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் சில ஓம் காட்ட வேண்டிய இடத்தில் தொடர்பே இருக்காது. அறுந்த இடம் வெளியே இருந்தால் பட்டறையில் பற்றவைத்துவிடலாம். வார்ப்புக்குள் இருந்தால் கதை முடிந்தது. இதைவிட வயிற்றெரிச்சல் எதிர்த்திசையில் நடப்பது: உள்ளே சூட்டுக் கம்பி திடமாக இருக்கிறது, மேலே ரப்பர் மட்டும் மழுங்கிவிட்டது. அப்போதும் முழுக் கைப்பிடியையும்தான் வாங்க வேண்டும், பெரும்பாலும் ஜோடியாக. பாகக் கடையில் என்ன பதில் வரும் என்பது இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு மனப்பாடம். "தனியா வராது சார், அசெம்ப்ளியாத்தான் வரும்." மிக்ஸி ஜாரின் அடியில் இருக்கும் கப்ளருக்காக இங்கே மூன்று வாரம் ஒப்பாரி வைத்ததை இன்னும் சிலர் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டாம், இது அதே ஒப்பாரியின் தொடர்ச்சி. வீட்டிலும் வயலிலும் ரோட்டிலும் முதலில் தேய்கிற சின்னச் சாமானை, தேயாத பெரிய சாமானோடு சேர்த்து ஒட்டி விற்பது ஒரு வழக்கமாகிவிட்டது.

இதற்கு மாற்று உண்டா என்று கேட்பவர்களுக்கு, மோட்டார்சைக்கிளை இங்கேயே நிறுத்திவிட்டு அடிபம்பைக் காட்டுகிறேன். ஊர் ஊராக நாம் பார்க்கும் இந்தியா மார்க் 2 ஆழ்குழாய் அடிபம்பு 1970-களில் யுனிசெஃப் துணையோடு உருவானது. அதில் ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலைக்குப் பெரிய பங்கு உண்டு. தலைப்பகுதி உறுதியோ உறுதி. ஆனால் தண்ணீரை மேலே தள்ளும் உருளைக்குள் இருந்த தோல் வாசர் தேய்ந்துகொண்டே இருந்தது. அந்த வாசரோ உள்ளங்கையில் அடங்குகிற பொருள். அதை மாற்ற, குழாய்க்குள் தொங்கும் 32 மில்லிமீட்டர் இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அடியில் இருக்கும் உருளை வரை அத்தனையையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்குக் கருவிகளும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு வேன் வர வேண்டும். வேன் வரும்வரை பம்பு நிற்கும், பெண்கள் குடத்தோடு அடுத்த தெருவுக்கோ அடுத்த ஊருக்கோ நடப்பார்கள். பம்பு கெட்டுப்போனது என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் கெட்டிருந்தது ஒரு தோல் வளையம்.

1983 முதல் கோவை மாவட்டத்தில் உலக வங்கி, ஐ.நா. வளர்ச்சித் திட்டம், யுனிசெஃப் எல்லாம் சேர்ந்து இந்தப் பம்புகளை ஊர்களிலேயே வைத்துப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் இல்லை, சனங்கள் அடித்துக்கொண்டிருக்கும் பம்புகளில். எது எத்தனை நாளில் தேய்கிறது, யாரால் கழற்ற முடிகிறது என்று எழுதி வைத்தார்கள். இரண்டு மாற்றங்கள் வந்தன. தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாசர். அது தோலைவிட நீண்ட நாள் உழைத்தது. இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: குழாயை 65 மில்லிமீட்டராக அகலப்படுத்தி, உருளையின் மேல்வாயைத் திறந்து வைத்தார்கள். இப்போது குழாய்கள் கிடக்கிற இடத்தில் கிடக்கும். உள்ளே இருக்கும் கம்பியை மட்டும் உருவினால் பிஸ்டனும் வாசரும் கையோடு மேலே வந்துவிடும். ஊரிலேயே பழகிய ஒருவர் மாற்றிவிடலாம். இதுதான் மார்க் 3. எது தேய்கிறதோ அதற்கு வழி விட்டு மீதியை வடிவமைப்பது என்ற யோசனையை இதைவிடத் துல்லியமாகச் செய்து காட்டிய தமிழ்நாட்டுச் சோதனை வேறு எனக்குத் தெரியவில்லை. நம் பொறியியல் கல்லூரிகளில் இதை முதல் பாடமாக வைக்கலாம். வைக்கமாட்டார்கள், அடிபம்பு யாருக்கும் கவர்ச்சியாக இல்லை.

இதிலேயே எனக்கு எதிரான சாட்சியமும் இருக்கிறது. அகலமான குழாய் கனமானது, விலையும் கூடுதல். அதனால் பல இடங்களில் மார்க் 3-ஐ வாங்காமல், பழைய மார்க் 2-இலேயே நைட்ரைல் வாசரைப் போட்டு ஓட்டினார்கள். பிரித்து மாட்டும் வசதிக்கு விலை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த விலை யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். சேர்த்து வார்த்த கைப்பிடியில் மிச்சம் பிடிப்பது தொழிற்சாலை, ஒரே தடவை. பின்னால் ரப்பர் மழுங்கும் ஒவ்வொரு தடவையும் செலவு செய்வது வண்டிக்காரர். மேலும் இங்கே கனமான குழாய் எதுவும் தேவைப்படவில்லை. சாதாரண கைப்பிடி ரப்பருக்கு அடியில், ஹேண்டில்பாரிலேயே ஒட்டிக்கொள்ளும் மெல்லிய சூட்டுப் பட்டைகள் வெளிநாடுகளில் நெடுங்காலமாக விற்பனையில் இருக்கின்றன. ரப்பர் தேய்ந்தால் ரப்பர், பட்டை போனால் பட்டை.

"பிரித்தால் மழைத் தண்ணீர் உள்ளே போகும், ஷார்ட் ஆகும், பாதுகாப்பு முக்கியம்" என்பது அடுத்த தடை. பாதுகாப்பு என்ற சொல்லை எடுத்தாலே எதிராளி வாயடைத்துப் போவார் என்று கம்பெனிகளுக்கு ஒரு நம்பிக்கை. அவர்கள் அடுப்பங்கரையை எட்டிப் பார்க்கலாம். பிரஷர் குக்கர் கொதிநீராவியை அழுத்தி அடைத்து வைத்திருக்கும் பாத்திரம், அதற்கு ஐ.எஸ். 2347 என்று தனித் தரநிர்ணயமே இருக்கிறது. அந்த நீராவியை வெளியேறாமல் தடுப்பது கேஸ்கெட். அது தேய்ந்தால் பாத்திரக் கடையில் தனியாகக் கிடைக்கிறது. வெயிட்டும் சேஃப்டி வால்வும்கூடத் தனித்தனியாகக் கிடைக்கின்றன. கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். குக்கரில் செய்ய முடிந்ததை 12 வோல்ட்டில் செய்ய முடியாது என்பதை நம்புவதற்கில்லை. சூட்டுப் படலத்துக்குத் தனியாக ஒரு நீர்புகா உறை போட்டு மூடிவிட்டு, கை படும் ரப்பரை அதன்மேல் கழற்றி மாட்டும்படி வைத்தால் மழை எப்படி உள்ளே போகும்? போலி கேஸ்கெட்டுகள் வருகின்றனவே என்பார்கள். வரத்தான் செய்கின்றன. அசல் பாகம் தனியாகக் கிடைக்காத இடத்தில் போலி இன்னும் செழிப்பாகவே வளரும், எக்ஸ்.எல். கைப்பிடியில் முறுக்கிய சைக்கிள் டியூப் எந்தத் தரநிர்ணயத்தில் சேரும்?

மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. விவசாயக் கருவிகள், செல்போன் வகையறா, வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள். உதிரிபாக விவரத்தையும் பழுதுபார்க்கும் முறையையும் கம்பெனிகள் அங்கே போட வேண்டும் என்பது யோசனை. நல்லதுதான். பிரான்ஸில் 2021-இல் செல்போன், மடிக்கணினி, துணி துவைக்கும் இயந்திரம் போன்ற சிலவற்றுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணையே விலையோடு சேர்த்துக் காட்டுவதைக் கட்டாயமாக்கினார்கள். இரு சக்கர வண்டிக்கும் பவர் டில்லருக்கும் இங்கே அப்படியொரு மதிப்பெண் வருமானால் பெரிய சூத்திரங்கள் வேண்டியதில்லை. கை, கால், இடுப்பு படுகிற பாகங்களில் எவை தனியாகக் கிடைக்கும், என்ன விலைக்கு என்று ஷோரூம் சுவரில் எழுதி ஒட்டினால் போதும். கால்மிதி ரப்பர், கியர் லிவர் ரப்பர், கிக்கர் ரப்பர் மூன்றும் இன்றைக்கும் எந்தப் பாகக் கடையிலும் சில்லறைக்குக் கிடைக்கின்றன. கிக்கர் ரப்பரை மட்டும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், புது வண்டிகள் பலவற்றில் கிக்கரையே எடுத்துவிட்டார்கள்.