இருபது அவுட்டில் எத்தனை தேறும்?

பாட் லிமிட் ஒமாஹாவில் கால் செய்யும் விலை ஓர் எல்லையைத் தாண்டாது. எதிராளி எவ்வளவு துணிந்தாலும் அவர் வைக்கக்கூடியது பாட்டின் அளவுதான். பாட்டில் 100 கிடக்கும்போது அவர் 100 வைத்தால், இன்னொரு 100 கொடுத்து 300க்கு ஆடலாம், 33.3 சதவீத வாய்ப்பு இருந்தால் கணக்கு சரிக்குச் சரி. அதை எதிர்த்து முழு பாட் ரெய்ஸ் செய்தால் 400 உள்ளே போகும். முதலில் வைத்தவர் மேலும் 300 கொடுத்து 900க்கு ஆட வேண்டும். அவருக்கும் அதே 33.3 சதவீதம்தான். அரை பாட் என்றால் 25 போதும். நோ லிமிட் ஹோல்டெம்மில் பாட்டைவிட இரண்டு மூன்று மடங்கு தூக்கி வைத்து டிராவை விரட்டுவார்கள். அந்த ஆயுதம் இங்கே யார் கையிலும் இல்லை.

விலை இப்படி மலிந்து கிடக்க, கையிலோ நான்கு சீட்டு. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு ஜோடி. ஆறில் ஒன்றாவது ஃப்ளாப்போடு எப்படியோ ஒட்டிக்கொள்ளும். ஆகவே கால் பண்ண ஏதாவது ஒரு காரணம் எப்போதும் கைவசம் இருக்கும். பல மேசைகளில் பணம் கரைவது பெரிய பிளஃபில் அல்ல; இந்தச் சின்னச் சின்னக் காரணங்களில்தான். அவுட்டை எண்ணத் தெரிந்தவர் நிறையப் பேர். எண்ணியபின் கழிக்கத் தெரிந்தவர் குறைவு.

எல்லோருக்கும் பிடித்த கையையே எடுத்துக்கொள்ளலாம். கையில் ஜாக், 10, 7, 6. ஃப்ளாப் 9, 8, 2. மூன்றும் மூன்று இனம். இதுதான் பேர்பெற்ற இருபது அவுட் ராப். குயின் நான்கு, ஜாக் மூன்று, 10 மூன்று, 7 மூன்று, 6 மூன்று, 5 நான்கு. இரண்டு சீட்டுக்குள் ஸ்ட்ரெய்ட் அடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம். மேல் செட் வைத்திருப்பவரோடு மோதினாலும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி நிற்கும்.

டர்னில் 3 விழுகிறது. எதிராளி முழு பாட் வைக்கிறார். மிச்சம் 44 சீட்டு, அவுட் 20, ஆக 45.5 சதவீதம். தேவை 33.3. யோசிக்காமல் கால் என்று கை போகும்.

இப்போது கழித்துப் பார்க்கலாம். ரிவரில் ஜாக் வந்தால் 10, 7 கொண்டு ஸ்ட்ரெய்ட் கிடைக்கிறது. ஆனால் குயினும் 10ம் வைத்திருப்பவர் அதற்கு மேலே உட்கார்ந்திருப்பார். 10 வந்தாலும் அதே கதை, இந்த முறை குயினும் ஜாக்கும் வைத்திருப்பவர். நட் ஸ்ட்ரெய்ட் தருபவை குயின், 7, 6, 5 மட்டுமே. அவை பதினான்கு. 14ஐ 44ஆல் வகுத்தால் 31.8 சதவீதம். பாட் அளவு கால் மயிரிழையில் நட்டமாகிவிட்டது. ரிவரில் இன்னும் கொஞ்சம் பணம் வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் கால் நியாயம்.

அதே போர்டில் இரண்டு ஸ்பேட் இருந்து, கையில் ஸ்பேட் ஒன்றுகூட இல்லையென்றால்? ஆறு வகை அவுட்டிலும் தலா ஒன்று ஸ்பேட். அது வந்தால் யாரோ ஒருவருக்கு பிளஷ். இருபதில் ஆறு போய்ப் பதினான்கு. அதில் நட்டாக நிற்பவை பத்து. 22.7 சதவீதம்.

ஒரே கை, ஒரே விலை. 45.5 என்று எண்ணியவர் சிரித்துக்கொண்டே கால் செய்கிறார். 22.7 என்று எண்ணியவர் சீட்டைக் கவிழ்த்துவிடுகிறார். உண்மை பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். இரண்டாந்தர ஸ்ட்ரெய்ட்டும் சில நேரம் ஜெயிக்கும். அந்த நடுப்புள்ளி எங்கே என்பதைத் தீர்மானிப்பது பாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான். இருவர் மட்டும் ஆடும்போது இரண்டாந்தர அவுட்டுக்குக் கொஞ்சம் மதிப்பு கொடுக்கலாம். நால்வர் உள்ளே இருந்தால் அதைச் சுழியம் என்றே வைத்துக்கொள்வது லாபம்.

ஃப்ளாப்பில் நடக்கும் காலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பிளைண்ட் 1-2, ஸ்டாக் 200 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பாட் ரெய்ஸாக 7 வைக்கிறார். பிக் பிளைண்ட் மட்டும் கால். பாட்டில் 15, ஆளுக்கு மிச்சம் 193. இனி மூன்று தெருவிலும் முழு பாட் வைத்தால் 15, 45, 135, கூட்டினால் 195. நூறு பிக் பிளைண்ட் ஸ்டாக் ரிவரில் சரியாக உள்ளே போய்விடும். ஃப்ளாப்பில் 15 கொடுப்பவர் வாங்குவது ஒரு சீட்டைத்தான். அடுத்த சீட்டுக்கு 45 கேட்பார்கள். அதை அடித்தாலும் அது நட்டாக இல்லாவிட்டால் 135க்கு முன்னால் திணற வேண்டும். கடைசியில் பேசும் பொசிஷன் இருந்தால் இந்தத் திணறல் பாதியாகக் குறையும். முதலில் பேச வேண்டியவர் அதே டிராவை அதே விலைக்கு வாங்குவது எப்போதும் மோசமான வியாபாரம்.

இது எல்லாவற்றையும் பயந்து கவிழ்த்துவிடச் சொல்லும் வாதம் அல்ல. பத்து நட் அவுட் உள்ள அந்த டர்ன் கைக்கே திரும்பலாம். பாட்டில் 100, ஸ்டாக் 100 மட்டுமே மிச்சம். எதிராளி 100 வைத்து, நாம் கால் செய்தால் சராசரியாக 31.8 நட்டம். இப்போது முறையை மாற்றி, ஆல் இன்னாக அந்த 100ஐ நம் கை முதலில் வைக்கிறது. அவர் கால் செய்தால் அதே 31.8 நட்டம்; அவர் கவிழ்த்தால் 100 லாபம். நான்கு தடவையில் ஒரு தடவை அவர் கவிழ்த்தால் போதும், கணக்கு சரியாகிவிடும். துல்லியமாகச் சொன்னால் 24.1 சதவீதம். மூன்றில் ஒரு தடவை கவிழ்ப்பவர் என்றால் நல்ல லாபம். அவுட்டே இல்லாத வெறும் பிளஃபாக இருந்தால் பாதித் தடவை கவிழ்க்க வேண்டியிருக்கும். கால் செய்ய லாயக்கில்லாத கை, பெட் வைக்க நல்ல கையாக மாறுவது இப்படித்தான்.

நட் அவுட்டின் எடை என்ன என்பதற்கு 2009 நவம்பர் 21 அன்று ஃபுல் டில்ட் தளத்தில் நடந்த கையைவிடப் பொருத்தமான சாட்சி கிடைப்பது அரிது. 500/1,000 டாலர் பிளைண்டில் பாட்ரிக் அன்டோனியஸும், 'இசில்டர்1' என்ற பெயரில் ஆடிய விக்டர் ப்லோமும் மோதினார்கள். பாட் 13,56,946 டாலரைத் தொட்டது. அன்றுவரை ஆன்லைன் போக்கர் வரலாற்றில் பதிவான மிகப் பெரிய பாட் அது. அன்டோனியஸ் கையில் ஏஸ், இரண்டு கிங், 3. ப்லோம் கையில் 9, 8, 7, 6. ஃப்ளாப் 4, 5, 2; மூன்றும் மூன்று இனம். அன்டோனியஸுக்கு ஏஸும் 3ம் கொண்டு ஸ்ட்ரெய்ட் அப்போதே அடித்துவிட்டது. ப்லோமிடம் இருந்தது வெறும் டிராதான். ஆனால் எப்படிப்பட்ட டிரா! அவர் இடத்தில் இருந்து பார்த்தால் 3 நான்கு, 6, 7, 8 தலா மூன்று, பதின்மூன்று அவுட். பதின்மூன்றுமே நட். இரண்டு சீட்டுக்குள் அவற்றில் ஒன்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ 50 சதவீதம். டர்னில் 5, ரிவரில் 9 விழ, பாட் அன்டோனியஸ் பக்கம் போனது. இருபது அவுட் ராப்பில் நட்டாகத் தேறிய பதினான்கோடு ப்லோமின் பதின்மூன்றை ஒப்பிட்டால், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எடை என்பது விளங்கும்.

எதிர்த் திசையிலும் இதே கழித்தல் வேண்டும். ஃப்ளாப் 8, 7, 6, இரண்டு ஸ்பேட். கையில் 10, 9, கிங், 2. ஸ்பேட் இல்லை, வேறு துணையும் இல்லை. இப்போதைக்கு இதுவே நட். பெட் வருகிறது, முழு பாட் ரெய்ஸ் வருகிறது, மொத்த ஸ்டாக்கும் கேட்கிறார்கள். எதிராளியிடமும் 10, 9 இருந்து, கூடவே ஏஸ் ஸ்பேட்டும் இன்னொரு ஸ்பேட்டும் இருந்தால் என்ன ஆகும்? ஸ்பேட் வந்தால் அவர் முழுதையும் எடுப்பார். வராவிட்டால் பாட் பாதி பாதி. வரும் வாய்ப்பு 39.5 சதவீதம். வெறும் நட் வைத்திருப்பவரின் பங்கு 30.2 சதவீதம்தான், முழுப் பாட்டை அவர் தனியாக எடுக்கும் வழியே இல்லை. ஹோல்டெம்மில் நட்டைக் கவிழ்ப்பவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். இங்கே ஆழமான ஸ்டாக்கில், அடுத்த சீட்டுக்குத் துணையில்லாத நட்டை ஃப்ளாப்பிலேயே விடுவது அனுபவசாலிகள் செய்யும் வேலை.

ரிவரில் அவுட் என்ற பேச்சு முடிந்துவிடுகிறது. அங்கே கையில் உள்ள சீட்டு எதிராளியிடம் எது இல்லை என்பதைச் சொல்கிறது. போர்டில் மூன்று ஸ்பேட். கையில் ஏஸ் ஸ்பேட் மட்டும் தனியாக. பிளஷ் இல்லை, ஆனால் நட் பிளஷ் எவரிடமும் இருக்க முடியாது என்பது தெரியும். இந்தத் தனி ஏஸ் கொண்டு முழு பாட் வைப்பது பழைய உத்தி. அது பாதித் தடவை பலிக்க வேண்டும். கிங் பிளஷைக் கவிழ்க்கவே மனம் வராத சின்ன மேசைகளில் இதைச் செய்பவர் தன் பணத்தையே விநியோகிக்கிறார். கால் செய்பவரும் தன் சீட்டைப் பார்க்க வேண்டும். அடிக்காமல் போன ராப்புக்கு வேண்டிய சீட்டுகள் தன்னிடமே இருந்தால், எதிராளி அந்த ராப்பைத் தவறவிட்டு பிளஃப் செய்யும் வாய்ப்பு குறைவு. முழு பாட் வைப்பவர் சமநிலையோடு ஆடினால் மூன்றில் ஒரு தடவைதான் பிளஃபாக இருக்கும். அதில் இருந்து இன்னும் குறைந்தால் காலுக்கு நியாயம் இல்லை.

முடிவு சரியா தவறா என்பதை அன்றைய லாப நட்டம் சொல்லாது என்பதற்கும் நல்ல உதாரணம் உண்டு. 2020 ஜனவரியில் அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் கால்ஃபாண்ட், 'வெனிவிடி1993' என்ற பெயரில் ஆடியவரோடு 100/200 யூரோ பிளைண்டில் 25,000 கை ஆடும் சவாலைத் தொடங்கினார். ஒரு கட்டத்தில் 9 லட்சம் யூரோவுக்கு மேல் பின்தங்கினார். ஆட்டத்தை நிறுத்தி இடைவெளி எடுத்துக்கொண்டு மீண்டும் உட்கார்ந்தார். ஏப்ரலில் கடைசிக் கை முடிந்தபோது சுமார் 1,671 யூரோ முன்னால் நின்றார். ஒன்பது பிக் பிளைண்டுக்கும் குறைவு. நடுவில் நிறுத்தி மதிப்பெண் போட்டிருந்தால் அவர் ஆடத் தெரியாதவர் என்று எழுதியிருப்பார்கள்.

ஆகவே கைகளைத் திரும்பப் பார்க்கும்போது 'ஜெயித்ததா' என்ற பத்தியை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு டர்ன் காலுக்கும் மூன்று எண் எழுதிப் பார்ப்பது பயன் தரும்: மொத்த அவுட், நட் அவுட், போர்டு அனுமதிக்கும் சுத்தமான நட் அவுட். மாங்கர்சால்வர் போன்ற மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதோடு ஒப்பிடலாம். ஆனால் சால்வர் எதிராளியும் சரியாக ஆடுவதாகக் கொள்ளும் என்பதை மறக்கக் கூடாது. கவிழ்க்கவே மாட்டாத மேசையில் அது பரிந்துரைக்கும் பிளஃபைக் குறைத்து, கால் வாங்கும் நல்ல கைகளில் முழு பாட்டை வைக்க வேண்டும்.

ஐந்து சீட்டு ஒமாஹாவுக்கு மாறுபவர்கள் இந்த மூன்று எண்ணையும் இன்னும் கடுமையாகக் கழிக்க வேண்டியிருக்கும். அங்கே ஒவ்வொரு கையிலும் ஜோடி ஆறு அல்ல, பத்து. எதிராளியிடம் அந்தக் குயினும் 10ம் இருக்கும் வாய்ப்பு அதற்கேற்பக் கூடுகிறது. நான்கு சீட்டில் இருவர் பாட்டில் சுமாராக ஓடிய இரண்டாந்தர ஸ்ட்ரெய்ட், ஐந்து சீட்டில் மூவர் உள்ளே இருக்கும் பாட்டில் காலுக்குக்கூடத் தேறாது.