போர்வைக்குள் குடியிருக்கும் காற்று

மார்கழி மாதத்து விடியற்காலையிலும் உஷ்ணமானி 20 டிகிரியை ஒட்டியே நிற்பதும், சித்திரை பிறந்துவிட்டால் 40 டிகிரியை எட்டிப் பிடிப்பதும் மதுரையின் சுபாவம். அப்படிப்பட்ட ஊரில், விளக்குத்தூணைச் சுற்றியுள்ள ஜவுளிக் கடைகளில், இமயமலை யாத்திரை போகிறவர்களுக்கென்றே தைத்தாற்போன்ற பருத்த பஞ்சுப் போர்வைகள், கம்பர்ட்டர் என்னும் புதுப் பெயரோடு பிளாஸ்டிக் பைகளில் திணிக்கப்பட்டு அடுக்கடுக்காய் நிற்பதையும், தெருவோரத்தில் நுங்கு விற்கிற கோடையில் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஜனங்கள் அவற்றை விலைபேசுவதையும் காணும் வெளியூர்க்காரர் சற்றுத் திகைத்துத்தான் போவார். காரணம் விளங்க அதிக நேரம் ஆகாது. வீட்டுக்கு வீடு ஏ.சி. வந்துவிட்டது. அதை 18 டிகிரியில் வைத்து, மதுரை தன் மார்கழியிலும் அதிகம் கண்டிராத ஒரு குளிரை அறைக்குள் உண்டாக்கிக்கொண்டு, பிறகு அந்தக் குளிருக்குப் பயந்து கழுத்துவரை போர்த்திக்கொள்ளுகிறோம். குளிருக்கு ஒரு செலவு. அதிலிருந்து தப்ப இன்னொரு செலவு.

இந்த விநோதத்தைக் குறித்து என் அபிப்பிராயத்தைச் சொல்லுமுன், போர்வை செய்கிற காரியம் இன்னதென்று பார்த்துவிடுவது நலம். போர்வைக்குள் உஷ்ணம் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குள்ள பிரமை. உஷ்ணம் நம்முடையது, உறங்கும் மனிதனின் தேகமே ஏறக்குறைய 80 வாட் அளவுக்கு அதை ஓயாமல் வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது. அது தப்பியோடாமல் தடுப்பது பஞ்சுகூட அன்று, பஞ்சிழைகளுக்கிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்று. ஓடுகிற காற்று உஷ்ணத்தை வாரிக்கொண்டு போகும். நிற்கிற காற்றோ அதைக் கடத்துவதில் மகா சோம்பேறி. ஜிகர்தண்டாக் கடைக்கு வரும் ஐஸ் கட்டியைச் சாக்கிலும் மரத்தூளிலும் பொதிந்து வைப்பதும் இதே தத்துவத்தினால்தான்: அங்கே வெளி உஷ்ணம் உள்ளே புகாதபடி தடுக்கிறது, இங்கே உள் உஷ்ணம் வெளியேறாதபடி தடுக்கிறது. கனத்துக்கும் கதகதப்புக்கும் நேரான சம்பந்தம் இல்லை என்பதும் இதனால் விளங்கும். பருத்த போர்வை ஒன்றைவிட, மெல்லிய போர்வை ஒன்றும் அதன்மேல் ஒரு துப்பட்டியும் பல சமயங்களில் நன்றாக வேலை செய்வது, இரண்டுக்கும் நடுவே இன்னுமோர் அடுக்குக் காற்று நிற்பதால்தான்.

பழனி மலைச் சாரலை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன், மயில் குளிரில் வாடுவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்த செயலைப் புலவர்கள் கொடைமடம் என்று போற்றினார்கள். பௌதிக சாஸ்திரம் கற்றவன் அந்தச் சபையில் இருந்திருந்தால், தன் இறகுகளைச் சிலிர்த்துக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பறவைக்குப் போர்வை எதற்கு என்று கேட்டுப் பரிசிலை இழந்திருப்பான்.

காற்றைப் பிடித்து வைப்பதில் நம் பக்கத்திலேயே விளையும் இலவம் பஞ்சுக்கு நிகரானவை சிலவே. 1996 வரையில் மதுரை மாவட்டத்தோடு இருந்து பின்னர் தேனி மாவட்டத்தில் சேர்ந்த போடிநாயக்கனூர் இந்தப் பஞ்சு வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். கோடையில் நெற்று முற்றி வெடிக்கும்போது வெளிப்படும் அந்த வெண்பட்டுப் போன்ற இழையை விரலிடையில் வைத்து நசுக்கினால் ஒன்றுமே இல்லாததுபோல் அமுங்கும். விட்டால் மெல்ல உப்பி எழும். ஒவ்வோர் இழையும் மெல்லிய சுவருள்ள ஒரு குழல். அதன் பருமனில் பெரும்பகுதி வெறுங்காற்று. மேலே இயற்கையாகவே மெழுகுப் பூச்சு இருப்பதால் நீர் எளிதில் உள்ளே புகாது. ஒரு காலத்தில் கப்பற்காரர்களின் உயிர்காப்பு அங்கிகளில் இதை அடைத்ததற்கு அதுவே காரணம். வழவழப்பான குட்டை இழையாதலால் நூலாக நூற்க உதவாது. மெத்தைக்கும் தலையணைக்கும் போர்வைக்குமே ஏற்றது. குறைகளும் இல்லாமலில்லை. இழை முறியும் சுபாவமுடையது, சில வருஷங்களில் தூளாகித் தையல் வழியே உதிரத் தொடங்கும். தீப்பொறி பட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும். அதைத் தண்ணீரில் முக்கித் துவைப்பவர், மறுநாள் கட்டி கட்டியாய்த் திரண்ட ஒரு பொதியைத்தான் கொடியிலிருந்து எடுப்பார்.

பஞ்சுகொட்டிகள் நரம்பு பூட்டிய வில்லோடு தெருத்தெருவாய் வந்த காலம் ஒன்று இருந்தது. திண்ணையில் மெத்தையைப் பிரித்துப்போட்டு, வில்லின் நரம்பைக் கட்டையால் தட்ட, அதன் அதிர்வில் கட்டிப்பட்ட பருத்தி துகள் துகளாய் எழும்பி, குவியல் கண்முன்னே பெருக்கும். புதிதாக ஒரு பலம் பஞ்சும் சேர்க்காமலே மெத்தை புது மெத்தையாகிவிடும். அவர்கள் திருப்பித் தந்தது காற்றை. இன்று அந்த வேலையை மின்சார யந்திரம் செய்கிறது, அதுவும் தேடிப் போனால்தான்.

கடையில் விற்கும் கம்பர்ட்டர் பெரும்பாலும் பாலியஸ்டர் இழை அடைத்தது. கட்டம் கட்டமாய் அதன்மேல் ஓடும் தையலை அலங்காரம் என்று நினைக்கவேண்டாம். பஞ்சு ஒரு மூலைக்கு வழிந்துபோகாமல் நிறுத்திவைக்கும் வரப்பு அது. ஓரிடத்தில் தையல் விட்டால் அன்றே ஊசியெடுப்பது உத்தமம். வீட்டுச் சலவை யந்திரத்துக்குள் இதை அமுக்கித் திணித்தால் உருளுவதற்கு இடமில்லாமல் பஞ்சு திரளும், சோப்பும் உள்ளேயே தங்கும். அதைவிட, பழைய சுங்குடிச் சேலை இரண்டை நீளவாட்டில் இணைத்து இரண்டாய் மடித்துத் தைத்தால், இருவர் போர்த்தும் கம்பர்ட்டருக்கு அளவான உறை கிடைக்கும். வாரந்தோறும் உறையைத் துவைத்துக்கொண்டு, போர்வையை வருஷத்துக்கு ஓரிரு முறை மட்டும் பெரிய யந்திரமுள்ள சலவைக் கடைக்குக் கொடுத்தால் போதும். மடித்து அதன்மேல் சாமான்களை அடுக்குவதும், காற்றை உறிஞ்சித் தகடாக்கும் பைகளில் மாதக்கணக்கில் பூட்டிவைப்பதும், எதைக் காசு கொடுத்து வாங்கினோமோ அதையே பிதுக்கி எறிவதாகும்.

ஈரம்தான் இதன் பிரதான சத்துரு. தூக்கத்திலும் நம் தோல் ஈரத்தை வெளிவிடுகிறது. அது பஞ்சில் தங்குகிறது. நீரோ காற்றைக் காட்டிலும் 20 மடங்குக்குமேல் உஷ்ணத்தைக் கடத்தும். ஆகவே ஈரம் ஏறிய போர்வை குளிர்வதோடு முடை நாற்றமும் அடிக்கும். தூசிப் பூச்சிகளும் ஈரப்பதத்தையே விரும்பும். இதற்கு மருந்தாக மற்ற தேசத்தார் யந்திரம் வைத்து உலர்த்துகையில், நமக்கு வானமே சும்மா கொடுக்கிறது. ஐப்பசி மழை பிடிக்குமுன் ஒரு முறையும், தை பிறந்தபின் ஒரு முறையும், காலை 9 மணிக்கு விரித்து, நடுவில் ஒரு தடவை புரட்டிப்போட்டு, உச்சி வெயிலுக்குள் தட்டி உதறி எடுத்துவிடவேண்டும். துவைத்த போர்வைக்கு இது போதாது: மேல்துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்து நம்மை ஏமாற்றும், உள்ளே பஞ்சு இரண்டாம் நாளும் நசநசத்திருக்கும். பீரோவில் வைக்கும்போது பாச்சை உருண்டைக்குப் பதில் வசம்பை முடிந்து போடுவது என் ருசி.

இனி என் வழக்குக்கு வருகிறேன். மின்சாரச் சிக்கனத்தை உத்தேசித்து மத்திய சர்க்கார், 2020 ஜனவரி 1 முதல் அறை ஏ.சி.கள் இயங்கத் தொடங்கும்போது 24 டிகிரியிலேயே நிற்கவேண்டும் என்று விதித்தது; ஒரு டிகிரி கூட்டிவைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு. நாமோ கையில் ரிமோட்டை எடுத்ததும் முதற்காரியமாக அதைக் கீழே இறக்குகிறோம், கட்டிலில் பருத்த போர்வை இருக்கிறதே என்ற தைரியத்தில். போர்வை வாங்குகிறவர்கள் உறையின்மேல் ஜி.எஸ்.எம். என்ற எண்ணைப் பார்க்கட்டும். சதுர மீட்டருக்கு 100 முதல் 150 கிராம் வரையிலான மெல்லிய போர்வையும், 25 டிகிரியில் ஏ.சி.யும், தலைக்குமேல் மெதுவாய்ச் சுற்றும் ஒரு மின்விசிறியும் மதுரைக்காரர் நித்திரைக்குத் தாராளம். 300 கிராம் கொடைக்கானலில் வீடு வைத்திருப்பவர்களுக்கு.

அடுக்குமாடிச் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. திருட்டுக்கும் குழந்தைகளுக்கும் பயந்து மொட்டை மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டீர்கள். பால்கனியில் எதையும் தொங்கவிட்டால் கட்டிடத்தின் அழகு கெடுகிறது என்று நோட்டீஸும் ஒட்டிவிட்டீர்கள். 40 டிகிரி வெயில் காயும் ஊரில் ஒரு போர்வையை உலர்த்த இடமின்றி, குடித்தனக்காரர் அதைச் சோபாவின்மேல் விரித்து மின்விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையிலாவது கதவைத் திறந்துவைத்து, தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே இரண்டு கம்பிக் கொடிகள் கட்டிக் கொடுங்கள்.