கங்கைகொண்ட சோழபுரமும் முள்ளிவாய்க்கால் முற்றமும்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மாணவர்களுக்கு ஒருநாள் சுற்றுலா என்றால் சட்டென்று நினைவுக்கு வருவது இரண்டு இடங்கள். ஒன்று கங்கைகொண்ட சோழபுரம், இன்னொன்று தஞ்சைப் பெரிய கோயில். அண்ணாந்து பார்த்து வியந்து, நாலு படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். அதே தஞ்சாவூரில் விளார் சாலையில் இருக்கிற முள்ளிவாய்க்கால் முற்றம் பலருடைய பட்டியலில் இருப்பதே இல்லை. இருக்க வேண்டும்.

2009 மே மாதம் ஈழத்தில் முடிந்த போரில் இறந்தவர்களுக்காக, பழ. நெடுமாறன் முன்னின்று கட்டி 2013 நவம்பரில் திறந்த நினைவிடம் அது. திறந்த சில நாட்களிலேயே ஆக்கிரமிப்பு என்று சொல்லி அதன் சுற்றுச்சுவரை இடித்தார்கள். கடைசி நாட்களில் மக்கள் பட்ட பாடு அங்கே கருங்கல் சிற்பங்களாக நிற்கிறது.

எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கே இன்னும் சரியான கணக்கு இல்லை. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கை. 70,000-க்கும் மேற்பட்டோர் என்னவானார்கள் என்றே தெரியவில்லை என்ற தகவலைக் குறிப்பிட்டது 2012-ல் வந்த ஐ.நா. உள் ஆய்வு. அரசுப் படை மக்கள் மீது குண்டு வீசியதாகச் சொன்ன அந்த 2011 அறிக்கை, தப்பி ஓட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதாகவும் சொன்னது. இறந்தவர்களை மதிப்பது என்றால் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஆனால் முற்றத்தில் கண் கலங்கிவிட்டு வந்தால் மட்டும் போதுமா? அங்கே எழுகிற கேள்வியைச் சோழபுரத்துக்கும் கொண்டுபோக வேண்டும்.

கங்கை வெற்றிக்காக ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் ஏரியை, நீரால் ஆன வெற்றித்தூண் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். 2025 ஜூலையில் அவனுடைய கடல் கடந்த படையெடுப்பின் 1000-வது ஆண்டைக் கொண்டாட பிரதமரே வந்து நாணயம் வெளியிட்டார். சோழர் படை கங்கைக்கு மட்டுமா போனது? அதே ஈழத்துக்கும்தான்! ராஜராஜன் காலத்தில் அனுராதபுரம் வீழ்ந்தது. ராஜேந்திரன் காலத்தில் பிடிபட்ட ஐந்தாம் மகிந்தன் சோழ நாட்டிலேயே கைதியாக இறந்தான். ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாய் பெரிய கோயிலுக்கு என்று கல்வெட்டே இருக்கிறது. அந்தப் போர்களில் செத்தவர்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிட்ட பேரேடு மாதிரிதான் இருக்கிறது இந்தப் பெருமை.

"அது மன்னர் காலம், இன்றைய தராசில் நிறுக்கலாமா?" என்று கேட்பார்கள். நியாயம்தான். ராஜேந்திரனைக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. அந்தக் கோயிலின் அழகையும் யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். போர் முடிந்த பிறகு முல்லைத்தீவு மாவட்டம் புதுக்குடியிருப்பில், துப்பாக்கியும் கொடியுமாக ஒரு சிப்பாய் சிலையை வெற்றிச் சின்னமாக நிறுத்தியது இலங்கை அரசு. அதைப் பார்த்துத் தமிழர்களுக்கு வயிறு எரிகிறது என்றால், "கடாரம் வென்றோம்" என்று மார்தட்டும்போதும் கொஞ்சம் தயக்கம் வர வேண்டாமா?

அரியலூரிலிருந்து திருமானூர், திருவையாறு வழியாகத் தஞ்சாவூர் எட்டிவிடும் தூரம்தான். அடுத்த சுற்றுலாவில் பெரிய கோயிலுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை விளாருக்கு ஒதுக்கினால் போதும்.