பூனையோடு பறக்கணுமா? டிக்கெட்டுக்கு முன்னாடி நாலு மாசக் கணக்கைப் பாருங்க!

"ஆன்சைட் கன்ஃபர்ம் ஆயிடுச்சு. ஆறு வாரத்துல கிளம்பணும். பூனையை என்ன பண்றது?"

சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சிலர் பூனையை அம்மா வீட்டில் விடுகிறார்கள், சிலர் நண்பர்களிடம் கொடுக்கிறார்கள். கடைசி வாரம் வரை வழி கிடைக்காதபோது, சில பூனைகள் அபார்ட்மென்ட் கேட்டுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. பாசம் குறைந்ததால் நடப்பதில்லை இது. நாள் கணக்கு தெரியாததால் நடக்கிறது.

உள்நாட்டுப் பயணம்: எல்லா விமானமும் ஏற்றாது

சென்னையிலிருந்து டெல்லியோ மும்பையோ போவது ஒப்பீட்டளவில் சுலபம். ஆனால் எந்த ஏர்லைன் என்பதைப் பொறுத்தே எல்லாம். ஏர் இந்தியா, எடை வரம்புக்குள் இருக்கும் பூனையைக் கேபினிலேயே அனுமதிக்கிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பர் 1 முதல் நாய், பூனைகளை ஏற்றுகிறது. இண்டிகோவில் உதவி நாய்களைத் தவிர செல்லப் பிராணிகளுக்கு இடமில்லை.

இரண்டு விஷயங்களை மறந்துவிட வேண்டாம். எடை என்றால் பூனையும் கூண்டும் சேர்ந்த எடை. அடுத்தது, ஒரு விமானத்தில் இத்தனை பிராணிகள்தான் என்ற வரம்பு உண்டு. ஆகவே உங்களுக்கு டிக்கெட் போட்டுவிட்டு பூனைக்கு அப்புறம் பார்த்துக்கலாம் என்று இருக்காதீர்கள். முதலில் ஏர்லைனிடம் பேசி பூனைக்கு உறுதி வாங்குங்கள். வெறிநோய் தடுப்பூசி அட்டையும், பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும்.

பலர் எதிர்பார்க்காத இடம் செக்யூரிட்டி செக். கூண்டு எக்ஸ்ரே மெஷினுக்குள் போகும். பூனை போகக் கூடாது. அதை வெளியே எடுத்து நீங்கள் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அத்தனை கூட்டத்தில், அத்தனை சத்தத்தில், பூனை கை நழுவ ஒரு நொடி போதும். அதனால் கூண்டுக்குள்ளேயே பெல்ட்டும் கயிறும் மாட்டியிருக்க வேண்டும். அந்த பெல்ட்டை வீட்டில் பல நாட்கள் போட்டுப் பழக்கியிருக்கவும் வேண்டும்.

வெளிநாடு: வரிசை தப்பினால் எல்லாம் தப்பும்

உண்மையான சிக்கல் இங்கேதான். பிரிட்டனும் ஐரோப்பிய யூனியன் நாடுகளும், வெறிநோய் விஷயத்தில் இந்தியாவுக்குத் தனிச் சலுகை எதுவும் தரவில்லை. அங்கே போகும் பூனைக்கு இந்த வரிசை கட்டாயம்:

முதலில் மைக்ரோசிப். அதன் பிறகு, அதே நாளில் என்றாலும் சரி, வெறிநோய் தடுப்பூசி. குட்டிக்குக் குறைந்தது 12 வாரம் ஆகியிருக்க வேண்டும். ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்த மாதிரி. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் எதிர்ப்புச் சக்தி அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு.வுக்குக் குறையாமல் வர வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு.

ஜனவரி 1-ல் சிப்பும் ஊசியும் என்றால், ஜனவரி 31-ல் ரத்தம். விமானம் ஏற ஏப்ரல் கடைசி ஆகிவிடும். ஆறு வார நோட்டீஸில் இது நடக்கவே நடக்காது.

இதில் பெரும்பாலானோர் வழுக்குவது முதல் படியில். வருஷா வருஷம் தவறாமல் ஊசி போட்டிருப்பார்கள். சிப் மட்டும் இருக்காது. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாறாக, ஒரு முறை இந்த வரிசையை முடித்து, அடுத்தடுத்த ஊசிகளைத் தேதி தவறாமல் போட்டு வந்தால், மறுபடி ரத்தப் பரிசோதனை தேவையில்லை.

நாட்டுக்கு நாடு விதி மாறும். பிரிட்டனுக்குள் பூனை கேபினில் வர முடியாது, சரக்காக மட்டுமே வரலாம். ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேரடியாகக் கொண்டுபோகவே முடியாது. சிங்கப்பூரில் எச்டிபி அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி கிடைத்ததே 2024 செப்டம்பர் 1 முதல்தான். அதுவும் வீட்டுக்கு இரண்டு.

பள்ளிக்கரணையில் ஒரு முத்திரை

வெளிநாடு போகும் பூனைக்கு மத்திய அரசின் விலங்கு தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்தின் சுகாதாரச் சான்றும் தேவை. தென்மண்டலத்துக்கான அந்த அலுவலகம் இருப்பது பள்ளிக்கரணையில். சேலையூர்க்காரர்களுக்கு மேடவாக்கம் தாண்டினால் வந்துவிடும்.

திரும்பி வரும்போதும் இதே துறையின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். வெளிநாட்டில் குறைந்தது இரண்டு ஆண்டு இருந்துவிட்டு குடியிருப்பை மாற்றிக்கொண்டு வருபவர் இரண்டு செல்லப் பிராணிகள் வரை கொண்டுவரலாம் என்பது அடிப்படை விதி.

பேப்பர் இல்லாமல் வந்தால் என்ன ஆகும் என்பதையும் சென்னை பார்த்திருக்கிறது. 2020 தொடக்கத்தில் சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கண்டெய்னருக்குள் ஒரு பூனை இருந்தது. கரோனா பயம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். அதைச் சீனாவுக்கே திருப்பி அனுப்ப அதிகாரிகள் முனைந்தார்கள். பீட்டா அமைப்பு எதிர்த்தது. மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த பிறகே அது வெளியே வந்தது.

எல்லாப் பூனையையும் ஏற்றலாமா?

கூடாது. சென்னையில் பலர் ஆசையாக வளர்க்கும் பெர்ஷியன் பூனைக்கு மூக்கு சப்பை. வெப்பத்திலும் பதற்றத்திலும் மூச்சு வாங்கும். இந்த வகைகளைச் சரக்குப் பகுதியில் ஏற்ற மறுக்கும் ஏர்லைன்கள் உண்டு. சரக்குப் பகுதியிலும் காற்றழுத்தம் சீராகத்தான் இருக்கும். ஆபத்து, விமானத்தில் ஏற்றும்வரை ஓடுதளத்து வெயிலில் காத்திருப்பது. அக்னி நட்சத்திர நாட்களைத் தவிருங்கள். முடிந்தால் இரவு விமானம், நேரடி விமானம்.

தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மயக்கத்தில் ரத்த அழுத்தமும் சுவாசமும் இறங்கலாம். நடுவானில் கவனிக்க யாரும் இல்லை. அதற்குப் பதில் ஒரு மாதம் முன்பே கூண்டை ஹாலில் திறந்து வைத்து, அதற்குள்ளேயே சாப்பாடு கொடுங்கள். அப்புறம் ஆட்டோவில் தாம்பரம் வரை ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள்.

வயதான பூனை, நோயுள்ள பூனை, ஒரு வார விடுமுறைப் பயணம் என்றால், வீட்டில் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்வதே நல்லது. பூனைக்கு ஆளோடு இடமும் முக்கியம்.

யார் என்ன செய்யணும்?

பூனை வளர்ப்பவர்கள் விதியை எண்ணிப் புலம்புவதில் பயனில்லை. வெறிநோய் நம்மிடம் இன்னும் இருக்கும்வரை மற்ற நாடுகள் கேட்கத்தான் செய்யும். ஆனால் நம் பக்கம் சரிசெய்ய வேண்டியவை இருக்கின்றன. செக்யூரிட்டி பகுதியில் கதவு மூடிய ஒரு சின்ன அறையை விமான நிலையங்கள் ஒதுக்கலாம். பூனைக்கான இடத்தையும் டிக்கெட்டோடு சேர்த்தே முன்பதிவு செய்ய ஏர்லைன்கள் வழி செய்யலாம். ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனங்கள், குடும்பத்தின் விசாவைக் கேட்கும்போதே "வீட்டில் பிராணி உண்டா?" என்றும் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நாம் செய்யக்கூடியது ஒன்று. தெருவில் கிடைத்த குட்டியோ, காசு கொடுத்து வாங்கிய பெர்ஷியனோ, முதல் வெறிநோய் ஊசிக்குப் போகும் நாளிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்: "முதல்ல சிப், அப்புறம் ஊசி." வெளிநாடு போவீர்களோ மாட்டீர்களோ, போக நேர்ந்தால் கேட்டுக்கு வெளியே ஒரு பூனை காத்துக்கொண்டு நிற்காது.