தோற்றதைத் தோற்றதாகவே எழுதுவது

கடந்த கோடை விடுமுறையில் வளைகுடாவிலிருந்து களியக்காவிளைக்கு வந்திருந்த நண்பர் ஒருவர், வீட்டைப் பழுதுபார்ப்பதற்காகப் பரணை ஒழித்தார். ஒழித்ததில் இரண்டு பொருள்கள் நம் கைக்கு வந்தன. ஒன்று, பழைய கணினியின் வன்தட்டு. மற்றொன்று, ஓரம் செல்லரித்த எண்பது பக்கக் குறிப்பேடு. இரண்டும் ஒரே கிரிக்கெட் அணியின் பதினோரு ஆண்டு வரலாற்றைச் சொல்பவை. வன்தட்டின்படி அந்த அணி நான்கு முறை வாகை சூடியது. குறிப்பேட்டின்படி ஒரே ஒரு முறை. இவற்றுள் எது மூலபாடம், எது இடைச்செருகல் என்ற வினா, தமிழ் இலக்கியம் கற்பித்து வயிறு வளர்க்கும் நமக்கு வெறும் விளையாட்டாகத் தோன்றவில்லை.

அணி மெய்யானது, அந்தப் பதினோரு ஆண்டுகளும் கற்பனை. 'இன்டர்நேஷனல் கிரிக்கெட் கேப்டன்' என்னும் கணினி விளையாட்டு 1998இல் இங்கிலாந்தில் வெளியாயிற்று. சைல்டிஷ் திங்ஸ் என்ற சிறு நிறுவனம் அதை உருவாக்கியது. அதில் நாம் மட்டை பிடிப்பதில்லை, பந்து வீசுவதுமில்லை. யாரை ஆடவைப்பது, எப்போது சுழலரிடம் பந்தைக் கொடுப்பது, சிலிப்பில் எத்தனை பேரை நிறுத்துவது, மட்டையாளர் அடித்தாட வேண்டுமா பொறுத்தாட வேண்டுமா என்பவற்றைத் தீர்மானிப்பதோடு நம் வேலை முடிகிறது. பின்னர் எண்களும் தற்செயலும் கூடி ஆட்டத்தை நடத்துகின்றன. திரையில் தெரிவது பெரும்பாலும் அட்டவணைகளே. வானொலி வர்ணனை கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நாம் முதுகலை பயின்றுகொண்டிருந்த ஆண்டுகள் அவை. நண்பர் மார்த்தாண்டத்தில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் மாலைநேர ஆசிரியர். மாணவர்கள் போன பிறகு, கதவைப் பாதி இறக்கிவிட்டு நாங்கள் இருவரும் அமர்வோம். பதினெட்டுக் கவுண்டி அணிகளுள் நாங்கள் தேர்ந்துகொண்டது கிளமார்கன். ரவி சாஸ்திரி 1987 முதல் 1991 வரை ஆடிய அணி என்பது நண்பர் சொன்ன காரணம். நம் காரணம் வேறு. ஏனைய பதினேழும் இங்கிலாந்தைச் சேர்ந்தவை. கிளமார்கன் மட்டும் வேல்ஸ் நாட்டினது. பாறசாலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே, ஒரு காதைத் தமிழுக்கும் மறு காதை மலையாளத்துக்கும் கொடுத்து வளர்ந்தவர்களுக்கு, அடுத்த நாட்டுப் போட்டியில் ஆடும் அணியிடம் ஒட்டுதல் ஏற்பட்டதில் வியப்பில்லை. மெய்யுலகில் அவ்வணி 1948, 1969, 1997 என மூன்று முறையே கவுண்டி வாகையரானது என்பதும் ஒரு கவர்ச்சி. அரிதாக வெல்பவர்களோடு நிற்பதில் இளமைக்கு ஒரு பெருமிதம் உண்டு.

தொடக்கத்தில் மேத்யூ மேனார்டும் ராபர்ட் கிராஃப்ட்டும் எங்கள் அணியில் இருந்தனர். பருவங்கள் உருண்டன, மெய்யான பெயர்கள் ஒவ்வொன்றாக ஓய்வுபெற்றன. அவ்விடங்களில் கணினியே பெயரிட்டுப் பிறப்பித்த இளைஞர்கள் வந்தார்கள். அவர்களுள் ஓர் இடதுகைச் சுழலர் எங்கள் வளர்ப்புப் பிள்ளை. இரண்டாம் அணியில் கிடந்தவரை எடுத்து, மூன்று பருவங்கள் பொறுத்திருந்து ஆளாக்கினோம். உலகில் எங்குமே இல்லாத அம்மனிதருக்குக் காயம் பட்டால் அன்றிரவு எங்களுக்குச் சோறு இறங்காது.

இனிக் குற்றத்துக்கு வருவோம். குற்றம் நம்முடையது. ஆட்டம் தொடங்குமுன் கோப்பைச் சேமித்து, அதன் நகலை ஒரு பிளாப்பித் தட்டில் வைத்துக்கொள்வோம். வென்றால் நல்லது. தோற்றால் அந்நகலை மீட்டு, தோல்வி நிகழாதது போல மறுபடி ஆடுவோம். தற்செயல் இரண்டாம் முறை இரங்கும். இல்லையேல் மூன்றாம் முறை. நண்பர் இதை ஒருபோதும் ஏற்கவில்லை. ஆனால் விசைப்பலகை பெரும்பாலும் நம் கையில் இருந்தது. அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான்: ஒவ்வோர் ஆட்டத்தின் முதல் முடிவைக் குறிப்பேட்டில் எழுதினார். நாம் திருத்திய ஆட்டங்களின் ஓரத்தில் 'தி' என்று ஓர் எழுத்தை இட்டார். கேலி செய்தபோது அவர் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: "மக்கா, தோத்தத தோத்ததா எழுதாதவன், ஜெயிச்சத எழுதி என்னத்துக்கு?"

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்த வன்தட்டு உயிரோடு இருந்தது நம் நற்பேறு. கோப்பைத் திறந்தோம். பதினோராம் பருவத்தின் இறுதியில் அணி அப்படியே நின்றுகொண்டிருந்தது. நான்கு வாகைப் பட்டங்களும், நூற்றுக்கணக்கான விக்கெட்டுகளோடு எங்கள் சுழலரும் அங்கே இருந்தார்கள். ஒவ்வொரு பருவமாகப் புரட்டிப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. அவ்வெற்றிகளுள் மூன்று பட்டங்களைப் பற்றி நமக்கு எதுவுமே நினைவில் இல்லை. யாரிடம் வென்றோம், யார் சதம் அடித்தார், ஒன்றும் இல்லை. யாரோ ஒருவருடைய சான்றிதழைப் பார்ப்பது போலிருந்தது.

பின்னர் குறிப்பேட்டைப் புரட்டினோம். ஐந்தாம் பருவத்தின் கடைசி ஆட்டம். எதிரணிக்குத் தேவை முப்பத்திரண்டு ஓட்டங்கள், கையில் இரண்டு விக்கெட்டுகள். சுழலரை நீக்கி வேகப் பந்துவீச்சாளரைக் கொண்டுவரலாம் என்றார் நண்பர், நாம் மறுத்தோம். தோற்றோம். ஓரத்தில் 'தி'. அப்பக்கத்தைக் கண்டதும் அந்த இரவே திரும்பி வந்தது. வெளியே பெய்த துலா மழை, திருவனந்தபுரம் போகும் கடைசிப் பேருந்துக்காக ஓடியது, வழியெல்லாம் அவர் பேசாமல் வந்தது எல்லாம் வந்தன. கோப்பில் அழிக்கப்பட்ட ஆட்டமே மனத்தில் அழியாமல் இருந்தது. நாம் திருத்தி வென்ற ஆட்டம் கோப்பில் மட்டும் இருந்தது.

இதற்கு எதிர்வாதம் உண்டு என்பதை அறிவோம். விளையாட்டு விளையாட்டுதானே, அதற்கு இத்தனை அறவியல் எதற்கு என்று கேட்கலாம். எழுத்தாளன் தன் படியைப் பத்து முறை திருத்தி எழுதுவதில்லையா என்றும் கேட்கலாம். இரண்டாம் வினா வலுவானது. அதற்கு ஒரு நாவலைத் துணைக்கழைக்கலாம். அமெரிக்கரான ராபர்ட் கூவர் 1968இல் வெளியிட்ட, யுனிவர்சல் பேஸ்பால் அசோசியேஷன் என்று தொடங்கும் நீண்ட தலைப்புடைய நாவல் அது. ஹென்றி வா என்னும் தனிமை மிக்க கணக்கர், மூன்று பகடைகளைக் கொண்டு தம் அடுக்களை மேசையில் ஒரு பேஸ்பால் உலகத்தையே நடத்துகிறார். அதில் டேமன் ரதர்ஃபோர்ட் என்னும் இளம் வீரன் அவருக்குப் பிள்ளை போன்றவன். ஒருநாள் பகடை அவனைக் கொன்றுவிடுகிறது. கணக்கர் அழுகிறார், குடிக்கிறார். ஆயினும் அந்தச் சாவை அவர் திரும்பப் பெறவில்லை. ஆனால் பின்னொரு நாள், அவனைக் கொன்ற பந்தை எறிந்தவனைப் பழிவாங்கத் தம் கையாலேயே பகடையைத் திருப்பி வைக்கிறார். இறுதி அத்தியாயத்தில் அவரே இல்லை. அவர் படைத்தவர்கள் மட்டும் தங்கள் சடங்குகளோடு இருக்கிறார்கள். எழுத்தாளன் திருத்துவது உண்மையை இன்னும் நெருங்குவதற்காக. கணக்கர் பகடையைத் திருப்பியதும் நாம் பிளாப்பியைச் செருகியதும் வலியிலிருந்து தப்புவதற்காக. இரண்டும் ஒன்றல்ல என்பது நம் துணிபு.

தற்செயலை மதிக்கவேண்டும் என்பதற்கு மெய்யான ஆடுகளமே சான்று. 2025 பிப்ரவரியில் அகமதாபாத்தில் நடந்த ரஞ்சிக் கோப்பை அரையிறுதியைக் களியக்காவிளையில் எல்லைக்கு இருபுறத்தாரும் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தனர். கேரளம் முதல் இன்னிங்ஸில் 457. குஜராத் அதை எட்டிப்பிடிக்கும் தறுவாயில், இடதுகைச் சுழலர் ஆதித்ய சர்வாதேயின் பந்தைக் கடைசி மட்டையாளர்களுள் ஒருவர் ஓங்கி அடித்தார். பந்து அருகில் நின்ற சல்மான் நிசாரின் தலைக்கவசத்தில் பட்டு மேலெழுந்து, சிலிப்பில் நின்ற தலைவர் சச்சின் பேபியின் கையில் விழுந்தது. குஜராத் 455. இரண்டு ஓட்ட முன்னிலையில் கேரளம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக இறுதியாட்டத்துக்குள் நுழைந்தது. நாக்பூரில் நடந்த அவ்விறுதியாட்டத்தில் அதே சச்சின் பேபி 98இல் ஆட்டமிழந்தார். முதல் இன்னிங்ஸில் 37 ஓட்டங்கள் பின்தங்கியதால் கோப்பை விதர்பாவுக்குப் போயிற்று. அந்த 98ஐ மீட்டுத் திருத்த எந்தப் பிளாப்பியும் இல்லை. தலைக்கவசத்தில் பட்ட பந்தின் இனிமையும் அந்தக் கசப்பும் ஒரே காசின் இரு முகங்கள். ஒன்றை வேண்டுவோர் மற்றதையும் வாங்கிக்கொள்ளவே வேண்டும்.

நம் துறையில் இவ்வறத்தைக் கடைப்பிடித்த பெரியவர் உ.வே.சாமிநாதையர். அவர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். நானூறு என்பது நூலின் பெயர்; ஆயினும் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றிலும் சில சிதைந்தவை. சங்கச் செய்யுளின் ஓசையும் சொல்லும் அவருக்கு அத்துபடி. விடுபட்ட அடிகளை எழுதி நிரப்பியிருந்தால் அக்காலத்தில் கண்டுபிடிப்போர் சிலரே. அவர் நிரப்பவில்லை. அப்பக்கங்களைக் கடக்கும் ஒவ்வொரு முறையும், மற்ற பாட்டுகள் மீது நமக்கு நம்பிக்கை கூடுகிறது. இல்லாததை இல்லை என்று சொன்ன கைதான் உள்ளதையும் நமக்குத் தந்திருக்கிறது.

இதைப் பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவரும் நாம், சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. கிளமார்கனை ஆண்ட அதே ஆண்டுகளில், முதுகலைச் சிற்றாய்வேட்டுக்காக ஒரு மூதாட்டியிடம் நாற்று நடவுப் பாட்டொன்றைக் கேட்டு எழுதினோம். நடுவில் இரண்டு அடிகள் அவருக்கு மறந்துபோயின. "வரல்ல மக்களே, போச்சு" என்றார். சமர்ப்பிக்கும் நாள் நெருங்கியது. ஓசை தெரியும், மோனை தெரியும். அவ்விரண்டு அடிகளை நாமே எழுதிச் சேர்த்தோம். ஆய்வேடு பாராட்டுப் பெற்றது. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர் தம் கட்டுரையில் அப்பாட்டை மேற்கோள் காட்டியிருந்தார். மக்கள் வாழ்வின் ஆழத்துக்குச் சான்றாக அவர் எடுத்துக்காட்டியவை நம் இரண்டு அடிகளே. அன்று வாய் திறக்கவில்லை. மூதாட்டி அதற்கு வெகுகாலம் முன்பே மறைந்துவிட்டார். அந்த ஓரத்தில் 'தி' என்று எழுத நம்மிடம் ஒரு நண்பர் இல்லை.

இது தனிமனிதரின் நோய் மட்டுமன்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. ஆண்டுதோறும் விழா மேடைகளில் ஒரு சாரார் முழு வெற்றியைச் சொல்கிறார்கள். தேநீர்க் கடைகளில் வேறு சாரார், அன்று இப்படிச் செய்திருந்தால் என்று பழைய கோப்பைத் திறந்து மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்ததையும் இழந்ததையும் ஒரே பக்கத்தில் எழுதிய குறிப்பேடு இரு சாராரிடமும் அரிது. எல்லையோரத்தில் வாழ்வோருக்கு அது தேவைப்படுகிறது. ஏனெனில் அடுத்த தலைமுறை நம் மேடைப் பேச்சைக் கேட்டே தன் அண்டை வீட்டாரை மதிப்பிடப்போகிறது.

ஆகவே இரண்டு காரியங்கள் செய்தோம். நம்மிடமிருந்த ஆய்வேட்டுப் படியில் அவ்விரண்டு அடிகளையும் அடித்துவிட்டுப் புள்ளிகள் இட்டோம். அம்மாணவருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினோம். அவருடைய மறுமொழி சுருக்கமாகவும் சற்றுக் கடுமையாகவும் இருந்தது. அது நியாயமே.

மற்றொன்று, கிளமார்கனின் பன்னிரண்டாம் பருவத்தைத் தொடங்கினோம். நகல் எடுப்பதில்லை என்பது நிபந்தனை. எங்கள் சுழலர் இப்போது முதியவர். அடுத்த பருவம் அவர் இருக்கமாட்டார். முதல் ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்றோம். அவருக்கு ஒரு விக்கெட்டும் கிட்டவில்லை. நண்பர் இதற்குள் வளைகுடா திரும்பிவிட்டிருந்தார். குறிப்பேட்டில் முடிவை எழுதி, பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினோம். இரவு வெகுநேரம் கழித்து அவரிடமிருந்து ஒரே ஒரு வினா வந்தது: "ஓரத்துல ஒண்ணும் எழுதல்லியே?"

எழுதவில்லை என்று பதில் அனுப்பினோம்.