பூக்கிற சீத்தா காய்க்காதது ஏன்?

''வீட்டையொட்டி ஐந்து வயதுள்ள மூன்று சீத்தா மரங்கள் இருக்கின்றன. சித்திரை, வைகாசியில் கிளை முழுக்கப் பூக்கின்றன. ஆனால், மரத்துக்கு ஏழெட்டுக் காய்கூடத் தேறுவதில்லை. ஆப்பிளுக்குப் பக்கத்தில் வேறு ரக மரம் வேண்டும் என்கிறார்களே, சீத்தாவுக்கும் அப்படியா? பௌர்ணமி கிரிவலத்துக்கு வருபவர்களிடம் நாலு பழம் விற்கலாம் என்று வைத்தது. வெட்டிவிட்டுக் கொய்யா நடலாமா?''

- வாசகி, திருவண்ணாமலை.

வெட்ட வேண்டாம். இவ்வளவு பூக்கிற மரத்தில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. பூவுக்கு மகரந்தம் போய்ச் சேராததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ஆப்பிளில் பெரும்பாலான ரகங்கள் தன் மகரந்தத்தில் சரியாகக் காய்க்காது. அதனால், அதே சமயத்தில் பூக்கும் வேறு ரகம் அருகில் தேவை. சீத்தாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதே மரத்து மகரந்தமே போதும். இங்கே சிக்கல், நேரம். சீத்தாப் பூவில் பெண் பாகம் முதலில் தயாராகிவிடும். ஆண் பாகம் மகரந்தம் உதிர்க்கும்போது, பெண் பாகம் காய்ந்திருக்கும். ஆக, ஒரு பூவின் மகரந்தம் இன்னொரு பூவுக்குப் போயாக வேண்டும். அதைச் செய்வது, பூவுக்குள் நுழையும் மிகச்சிறிய வண்டுகள். தடித்த இதழ்கொண்ட இந்தப் பூவுக்குத் தேனீக்கள் அதிகம் வருவதில்லை. அக்னி நட்சத்திர வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்தால் பெண் பாகத்தின் பசை சீக்கிரமே உலர்ந்துவிடும். மழை பெய்து காற்றில் ஈரம் வந்த பிறகு பூக்கும் பூக்கள் கூடுதலாகக் காய் பிடிப்பது இதனால்தான்.

இதற்கு வழி, கையால் மகரந்தம் சேர்ப்பது. ஸ்பெயின் நாட்டின் கிரானடா கடற்கரைப் பகுதியில், சீத்தாவின் உறவான செரிமோயா பழத்தை இப்படித்தான் விளைவிக்கிறார்கள்.

காலையில் வெயில் ஏறும் முன்பே, இதழ்கள் நன்றாக விரிந்த பூக்களைப் பறித்து, காகிதத்தில் தட்டினால் மாவு போல மகரந்தம் உதிரும். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷில் அதைத் தொட்டு, இதழ்கள் லேசாக மட்டும் பிரிந்திருக்கும் பூக்களுக்குள், நடுவில் பளபளக்கும் பெண் பாகத்தைச் சுற்றிலும் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால், காயும் ஒரு பக்கம் மட்டும் பருத்துக் கோணலாகிவிடும். அன்றைய மகரந்தத்தை அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

முதலில் பத்துப் பூக்களுக்குச் செய்து, காம்பில் நூல் கட்டி வையுங்கள். நூல் கட்டியவை நின்று, மற்றவை உதிர்ந்தால், குறை மகரந்தத்தில்தான். பிறகு தினமும் கொஞ்சம் பூக்களுக்குச் செய்யலாம். இரண்டுமே உதிர்ந்தால், தண்ணீரையும் வெயிலையும் கவனியுங்கள். பூக்கும் பருவத்தில் அளவாகத் தண்ணீர் விட்டு, மரத்தடியில் சருகு மூடாக்குப் போட்டால் ஈரப்பதம் நிற்கும். அழுகிய பழத் துண்டுகளை மரத்தடியில் போட்டு வைத்தால் வண்டுகள் வரும். பூத்திருக்கும்போது பூச்சிக்கொல்லி தெளித்தால், அந்த வண்டுகளும் செத்துவிடும்.

வைகாசியில் பிடித்த காய், ஏறக்குறைய நான்கு மாதங்களில் முற்றும். காயின் கண்கள் விலகி, இடையில் வெளிர் மஞ்சள் தெரிந்தால் பறிக்கலாம். புரட்டாசிப் பௌர்ணமிக்குப் பழம் கையில் இருக்கும்.