கடத்திற்கு எதற்குத் தனிக் கச்சேரி?

இப்படிக் கேட்பவர்களில் பலர் இசை அறிந்தவர்கள் என்பதுதான் வருத்தத்திற்குரியது. பாட்டு முதலில், அடுத்து வயலின், பிறகு மிருதங்கம், கடைசியில் கடம். அதற்கு 'உபபக்கவாத்தியம்' என்று பெயர் வேறு. செலவைக் குறைக்க நினைக்கும் விழாக்குழுவினர் முதலில் கைவைப்பதும் அதன்மேல்தான். இந்த வரிசையை இசையின் இலக்கணம் என்று வாதிடுகிறார்கள். இலக்கணம் அன்று, வெறும் மேடை வழக்கம் என்பதே என் கட்சி.

மேற்கத்திய இசையிலும் இத்தகைய வாத்தியம் ஒன்று உண்டு. டபுள் பேஸ் என்பார்கள். வயலினைப் போன்ற தோற்றம், ஆளைவிட உயரம், மிகத் தாழ்ந்த நாதம். பெரிய வாத்தியக்குழுவுக்கு அடித்தளமாக ஓரத்தில் நிற்பது. 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான பொட்டெசினி அதில் தனியாக வாசித்துப் புகழ்பெற்றார். எனினும் அவருக்குப் பின்னரும் தனிவாசிப்பையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர்கள் மிகச் சிலரே. அமெரிக்கரான கேரி கார் 1962இல் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நடத்திய நியூயார்க் பில்ஹார்மானிக் நிகழ்ச்சியில் தனிக்கலைஞராக மேடையேறினார். அதன்பின் அதையே தம் தொழிலாக்கிக்கொண்டார். வாத்தியம் அதேதான். நின்ற இடம் மாறியது.

நமக்கு அத்தகைய ஒருவர் இருக்கிறார். சுகன்யா ராம்கோபால், 1957இல் மயிலாடுதுறையில் பிறந்தவர். சென்னையில் ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்ய வித்யாலயத்தில் வயலின் கற்கச் சேர்ந்து, மிருதங்கத்திற்கு மாறி, விக்கு விநாயக்ராமின் கடத்தில் மனத்தைப் பறிகொடுத்தவர். பெண்ணின் கைக்கு இது கடினம் என்று தயங்கிய குரு பின்னர் ஏற்றுக்கொண்டார். மேடை அத்தனை எளிதாக ஏற்கவில்லை. பெண் கடம் வாசித்தால் தாங்கள் வாசிப்பதில்லை என்ற மிருதங்கக் கலைஞர்கள் இருந்தார்கள். அவர் 1995இல் பெண்களே வாசிக்கும் 'ஸ்த்ரீ தாள் தரங்' குழுவைத் தொடங்கினார். அதன் நடுவில் கடத்தை வைத்தார். 2014ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருது அவருக்குக் கிடைத்தது.

கடத்திற்கு ஒரே சுருதி, அது எப்படித் தனித்து நிற்கும் என்பது அடுத்த வாதம். வெவ்வேறு சுருதியுள்ள கடங்களை வரிசையாக வைத்து 'கட தரங்கம்' வாசித்து அதற்கும் அவர் விடை சொல்லிவிட்டார். பக்கவாத்தியத்தின் பெருமை அடக்கத்தில் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் முன்வரிசை திறந்திருக்கும்போது பின்வரிசையில் அமர்வதுதான் அடக்கம். கதவை அடைத்துவிட்டு அதற்கு அடக்கம் என்று பெயரிடலாகாது.

இது சென்னை சபாக்களின் விவகாரம், கள்ளக்குறிச்சியில் இருப்பவனுக்கு இதில் என்ன என்று நினைக்க வேண்டாம். என் மாணவர்களில் சிலர் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறார்கள். ஊர்த் திருவிழாவில் விடிய விடியக் கொட்டும் கைகள் அவர்களுடையவை. 'தனித்திறன்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விடுகிறார்கள். கேட்டால், "அது சும்மா அடிக்கிறதுதான், ஐயா" என்று பதில். அந்தச் 'சும்மா' அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது? உ.வே.சா.வைப் பாடமாகப் படிக்கும் என் முதுகலை வகுப்பில், அவருடைய கொள்ளுப்பேத்தி சுகன்யா என்பது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழும் கற்பிக்கப்படுகின்றன. கடம் அந்தப் பட்டியலில் இல்லை. எட்டாவதாக அதைச் சேர்க்க வேண்டும். மலைக்கிராமத்து மேளக்காரர்களையும் அங்கே ஆசிரியர்களாக அழைக்க வேண்டும். இதற்கெல்லாம் அரசாணை வேண்டியிருக்கலாம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பிக்கு எழுந்து போகாமல் இருப்பதற்கு எந்த ஆணையும் வேண்டியதில்லை. முதலில் அதையாவது செய்வோம்.